ஜன்னல் கண்ணாடியில் ஒரு நட்சத்திரம்

ஹேண்ட்லி, ஒக்லஹோமா
9 பிப்ரவரி 1998

அன்புத் தம்பி கார்லண்டுக்கு,

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. உன் அத்தான் எம்மெட்டுக்கு வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். பதறாதே, உயிருக்கு ஒன்றுமில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன் என்றால் நீ சிரித்து மழுப்புவாய், நானும் கோபத்தை மறந்து சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பதிலும் எழுத்தில்தான் வேண்டும்.

போன செவ்வாய் சாயங்காலம் நான் பின்பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எம்மெட் முன்னறையில் ஜன்னலோரம். நீ வரும்போது என்ன செய்வாய்? அவருக்குக் காது கேட்காதே என்று கதவைத் தட்ட மாட்டாய். அப்பா போலீஸ் வேலையில் இருந்தபோது போட்டிருந்த அந்த நட்சத்திர பேட்ஜை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் வைத்து அழுத்துவாய். அவர் இரண்டு கையையும் தூக்கி, "ஐயோ, பிடிச்சுட்டாங்கப்பா" என்று சிரித்துக்கொண்டே வந்து திறப்பார். அப்பா போனதிலிருந்து நடக்கிற கூத்து இது. அன்றைக்கும் கண்ணாடியில் ஒரு நட்சத்திரம் வந்தது. நீதான் என்று அவர் கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி போய்க் கதவைத் திறந்திருக்கிறார்.

நின்றது நீ இல்லை. கறுப்பு ஜாக்கெட் போட்ட இரண்டு பேர். முதுகில் வெள்ளையாக 'ஏஜென்ட்' என்று எழுத்து, இடுப்பில் விலங்கு, மார்பில் நட்சத்திரம். நக்கல் செய்கிறார் என்று நினைத்தார்களோ என்னவோ, நான் ஓடி வந்தபோது அவர் குப்புறக் கிடக்கிறார், ஒருத்தன் முதுகில் முட்டியை வைத்துக் கையை முறுக்குகிறான். திரும்பச் சொன்னானாம், இவர் திரும்பவில்லையாம். "அவருக்குக் காது கேக்காதுடா பாவிகளா" என்று நான் கத்திய பிறகுதான் விட்டான்.

டேல் பக்கெட் என்பவனைத் தேடி வந்தார்களாம். ஜாமீனில் வந்து கோர்ட்டுக்குப் போகாதவன். இந்த வீட்டில் எங்களுக்கு முன்னால் குடியிருந்தவனாம். காகிதத்தைக் காட்டு என்றேன். அவர்களில் சின்னவன் சொன்னான், "பேட்ஜ் தெரியலையாம்மா?" அவ்வளவுதான், போய்விட்டார்கள்.

போலீஸ் இல்லை, ஜாமீன் பணம் கட்டிய தனியார் ஆபீஸுக்காக ஓடிப்போனவனைப் பிடிக்கிற ஆட்கள். உனக்கும் அதே தொழில். யார் அவர்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா ஒலீட்டா


டல்சா
17 பிப்ரவரி

அன்பு அக்காவுக்கு,

முதுகு பரவாயில்லை. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசுதான் சரியில்லை. அத்தானின் வெல்டிங் வேலைக்கு அந்தக் கைதானே ஆதாரம்? ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், மறுப்புச் சொல்லாதே.

அவர்கள் யார் என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்த மாநிலத்தில் ஜாமீன் ஆபீஸ் ஊருக்கு நாலு இருக்கிறது. எங்கள் முதலாளி பாய்ஸே வெளியூர் வேலைக்குத் தற்காலிக ஆட்களை வைக்கிறார், எல்லோர் முகமும் எனக்குப் பழக்கமில்லை. விசாரிக்கிறேன். அதுவரை வக்கீல், பேப்பர்க்காரன் என்று போகாதே.

நீ கோபத்தில் இருக்கிறாய், ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் அந்த பேட்ஜைத் திட்டாதே. போன அக்டோபரில் ஒருத்தனைத் தேடிப் போனேன். டிரெய்லர் வீட்டுக் கதவு திறந்ததும் என் மூக்குக்கு நேரே துப்பாக்கி. அவன் கண் என் மார்புக்கு இறங்கியது, நட்சத்திரத்தைப் பார்த்தான், துப்பாக்கியைக் கீழே போட்டான். "போலீஸ்னு தெரியாம நீட்டிட்டேன் சார்" என்றான். நான் போலீஸ் இல்லை என்று அந்த நேரத்தில் விளக்கிக்கொண்டா நிற்பேன்? சாதாரணச் சட்டையில் போயிருந்தால் திருடன் என்று சுட்டிருப்பான். உனக்குத் தம்பி மிஞ்சியிருக்க மாட்டான்.

அத்தானுக்கு என் அன்பு. ஈஸ்டருக்கு வருகிறேன்.

உன் கார்லண்ட்


ஹேண்ட்லி
25 பிப்ரவரி

கார்லண்ட்,

இங்கே குளிர் விடவில்லை. எனக்கு முட்டி வலி, எம்மெட்டுக்குக் கை வலி, அவரவர் வலியை அவரவர் பார்த்துக்கொள்கிறோம். நீ நன்றாக இரு.

உன்னைச் சுடாமல் விட்டானே, அதற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். ஆனால் யோசித்துப் பார். உன்னைப் போலீஸ் என்று நம்பித்தான் அவன் துப்பாக்கியைப் போட்டான். வந்தவர்களை நீ என்று நம்பித்தான் எம்மெட் கதவைத் திறந்தார். இரண்டு பேரையும் நம்ப வைத்தது அந்தத் தகரம்தான்.

தலைநகரில் ஒரு மசோதா வருகிறதாம். ஜாமீன் ஆபீஸ் ஆட்கள் பேட்ஜும் போலீஸ் மாதிரி உடுப்பும் போடக்கூடாது என்று. எங்கள் தொகுதி உறுப்பினரின் ஆபீஸிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். ஏப்ரல் 21ஆம் தேதி கமிட்டி முன்னால் வந்து நடந்ததைச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. எம்மெட் இடது கையால் அந்த நட்சத்திரத்தை வரைந்து காட்டினார். ஆறு முனை, ஒவ்வொரு முனையிலும் குமிழ் மாதிரி ஒரு குண்டு. ஆனால் ஐந்து குண்டுதான் போட்டிருந்தார். ஒன்றை விட்டுவிட்டீர்களே என்று எழுதிக் காட்டினேன். "விடல. அதுல இல்ல. அதனாலதான் கார்லண்டுனு நினைச்சேன்" என்றார்.

லாரிக் கதவில் மாட்டி அப்பா உடைத்த குண்டு அது. அந்த வாரம் முழுக்க அவர் வாயிலிருந்து வந்த வசவு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அப்பாவின் நட்சத்திரத்தை யாருக்காவது இரவல் கொடுத்தாயா?

அக்கா


டல்சா
19 மார்ச்

அன்பு அக்காவுக்கு,

பதில் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. ஆர்கன்சாவில் ஒருத்தனைத் துரத்திக்கொண்டு பத்து நாள் போய்விட்டது. லாட்ஜ் சாப்பாட்டில் வயிறு கெட்டு இப்போதுதான் தேறினேன். அத்தானுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், மாவுக்கட்டைப் பிரித்ததும் தடவச் சொல். புயல் காலம் வருகிறது. உங்கள் பாதாள அறைக் கதவுக்குக் கீல் மாற்றினீர்களா?

அப்பாவின் நட்சத்திரம் என்னிடம்தான் இருக்கிறது. இதை எழுதும்போது மேஜை மேல் என் கண் எதிரே கிடக்கிறது. அதை நான் யாருக்கும், ஒரு நாளும், இரவல் கொடுத்ததில்லை. அம்மா மேல் ஆணை.

அந்தக் கமிட்டிக்கு நீ போகத்தான் வேண்டுமா? நாங்களும் வருகிறோம். பாய்ஸ் பஸ் ஏற்பாடு செய்கிறார், எல்லோரும் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போய் உட்காரப் போகிறோம். எங்கள் தரப்பில் பேசுவது நான். அக்கா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் நின்றால் ஊர் சிரிக்காதா? உனக்கு என்ன வேண்டுமோ அதை நான் செய்து தருகிறேன். இதைப் பெரிதாக்காதே.

கார்லண்ட்


ஹேண்ட்லி
24 மார்ச்

கார்லண்ட்,

தைலம் வந்தது. கீல் மாற்றியாகிவிட்டது.

நீ இரவல் கொடுக்கவில்லை என்கிறாய். அம்மா மேல் நீ பொய்ச் சத்தியம் செய்ய மாட்டாய், அதனால் நம்புகிறேன். ஆனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதை விழுங்குவது உனக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த கலை. பிஸ்கட் டப்பாவைத் திறந்தாயா என்றால் மூடினேன் என்று சொன்ன பயல்தானே நீ?

அதனால் கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். அதை அச்சாக வைத்து எத்தனை நகல் வார்த்தாய்?

ஒலீட்டா


டல்சா
1 ஏப்ரல்

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, நீயும் கேட்கிற நிலையில் இருக்க மாட்டாய்.

எட்டு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பாய்ஸ் எல்லோருக்கும் ஒரே மாதிரி பேட்ஜ் வேண்டும் என்றார். கடையில் விற்கிறதெல்லாம் விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது. நான்தான் எங்கப்பாவுடையது இருக்கிறது என்று மார்தட்டிக்கொண்டு எடுத்துப் போனேன். வார்ப்படக்காரன் கேட்டான், "ஒரு முனை உடைஞ்சிருக்கே, சரி பண்ணிடவா?" வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். அது அப்பாவின் அடையாளம் இல்லையா? எட்டுப் பேர் மார்பில் அப்பா நடந்து போகிறார் என்று எனக்கு அத்தனை பெருமை. அந்தப் பெருமை எங்கே கொண்டுபோய் விட்டது பார்.

உன் வீட்டுக்கு வந்தவர்கள் லோனியும் டக்கும். முதல் கடிதத்தைப் படித்தவுடனே எனக்குத் தெரியும். பக்கெட் கேஸ் எங்கள் ஆபீஸ் கேஸ்தான். எழுதக் கை வரவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன், உன் முகத்தில் முழிக்க முடியாது என்று அதைவிடப் பயந்தேன்.

இப்போது நான் செய்யப்போவதைக் கேள். இந்தச் சனிக்கிழமை உங்கள் பக்கத்து மாவட்டத்தில் எனக்கு வேலை. அது முடிந்ததும் நேராக அங்கே வருகிறேன். அப்பாவின் அசல் நட்சத்திரத்தோடுதான் வருவேன். எப்போதும்போலக் கண்ணாடியில் வைப்பேன், அத்தான் எப்போதும்போலக் கையைத் தூக்கட்டும். எதைப் பார்த்து அவர் பயந்தாரோ அதைப் பார்த்தே அந்தப் பயம் போகவேண்டும். அதன் பிறகு அவர் காலில் விழுகிறேன்.

கார்லண்ட்


ஹேண்ட்லி
1 ஏப்ரல்

கார்லண்ட்,

நீ பதில் போடவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். இதை உடனே படி.

நேற்று ஷெரிஃப் ஆபீஸிலிருந்து டெபுடி ப்ரூவர் வந்தார், எம்மெட்டின் கையைப் பற்றி வாக்குமூலம் வாங்க. நல்ல மனிதர், நம் அப்பாவிடம் வேலை கற்றவர். எம்மெட் நாற்காலியை ஜன்னலிலிருந்து இழுத்துச் சுவரோரம் போட்டு, மடியில் வேட்டைத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நாலு வாரமாக இதேதான். உன்னிடம் சொன்னால் நீ வேறு கவலைப்படுவாய் என்று எழுதவில்லை. ப்ரூவர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, காது கேட்காதே என்று ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்திருக்கிறார். மார்பில் நட்சத்திரம். நான் சமையலறையிலிருந்து வரும்போது எம்மெட் துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நடுவில் போய் நின்றேன், வேறு வழி தெரியவில்லை.

அசல் போலீஸ் என்று எழுதிக் காட்டினேன். "அன்னைக்கு வந்ததும் அசல்னுதான் நினைச்சேன்" என்றார்.

ப்ரூவர் பெருந்தன்மையாகப் போய்விட்டார். துப்பாக்கியை ஒளித்து வை என்றார். ஒளித்தேன், எம்மெட் தேடி எடுத்துவிட்டார். அதில்லாமல் தூக்கம் வராதாம்.

ஒன்று வார்த்தாயோ நூறு வார்த்தாயோ, இப்போதைக்கு அது போகட்டும். ஈஸ்டருக்கு வருவதாக எழுதியிருந்தாய். வந்தால் அந்த ஜாக்கெட்டும் நட்சத்திரமும் இல்லாமல் வா. முன்னாலேயே எனக்குச் சொல்லிவிட்டு வா. ஜன்னல் பக்கம் போகாதே.

அக்கா


டல்சா ஆஸ்பத்திரி
9 ஏப்ரல்

அக்கா,

நர்ஸ் எழுதுகிறாள், நான் சொல்கிறேன். உயிரோடு இருக்கிறேன். இடது தோளிலிருந்து துப்பாக்கி ரவைகளை எடுத்துவிட்டார்கள், கண்ணாடித் துண்டுகளை இன்னும் எடுக்கிறார்கள். விரல் அசைகிறது.

உன் ஏப்ரல் ஒன்றாம் தேதிக் கடிதம் என் வீட்டுக்குச் சனிக்கிழமை வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி நேற்றுக் கொண்டுவந்து கொடுத்தாள். அதே நாளில் நானும் எழுதியிருக்கிறேன். வழியில் இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

அத்தான் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பார் என்று நினைத்து நட்சத்திரத்தைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டே நின்றேன். அது மட்டும்தான் அவருக்குத் தெரிந்திருக்கும். என் முகத்தில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது.

அவரை உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று பாய்ஸ் சொல்லித்தான் தெரியும். பாய்ஸ் பூங்கொத்தோடு வந்திருந்தார். "உடுப்புல, பேட்ஜோட, முறையா அடையாளம் காட்டின ஆளைச் சுட்டிருக்கான். இதைக் கமிட்டில சொன்னா மசோதா செத்துது" என்றார். இன்னும் பெரிய பேட்ஜ், சட்டமே ஏற்றுக்கொண்ட பேட்ஜ் வேண்டும் என்று கேட்கலாமாம். என் வேலை போகாதாம், மேலே வைப்பாராம். அத்தான் எத்தனை வருஷம் உள்ளே இருக்க வேண்டியிருக்கும் என்று கேட்டேன். அது நம் கவலை இல்லை என்றார்.

ப்ரூவர் செவ்வாய்க்கிழமை வருகிறார், என் வாக்குமூலத்துக்கு.

நர்ஸ் இதற்கு மேல் எழுத மறுக்கிறாள்.

கார்லண்ட்


ஹேண்ட்லி
11 ஏப்ரல்

கார்லண்ட்,

நீ பிழைத்தது போதும். தினமும் உனக்காக ஜெபிக்கிறேன். காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் சொல், அடக்கி வைக்காதே.

உன் கடிதம் அன்றைக்குத்தான் வந்தது. தபால் பெட்டி ரோட்டு முனையில் இருக்கிறது, உனக்குத் தெரியும். அங்கேயே நின்று பிரித்தேன். "எட்டு" என்று படித்தேன், அதற்கப்புறம் வார்ப்படக்காரன், லோனி, டக். "இந்தச் சனிக்கிழமை" என்ற இடத்துக்கு வரும்போதே உன் வண்டி வாசலில் நிற்பது கண்ணில் பட்டது. ஓடினேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு எவ்வளவு ஓட முடியும்? பாதி வழியில் சத்தம் கேட்டது.

எம்மெட் உன் பக்கத்தில் மண்டியிட்டுத் தன் சட்டையால் உன் தோளை அழுத்திக்கொண்டிருந்தார். "முகத்தைப் பாக்கலையே, நட்சத்திரத்தைத்தானே பாத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதை நீ கேட்டிருக்க மாட்டாய்.

மாவட்டச் சிறையில் அவரிடம் எல்லோரும் முதுகுப் பக்கம் நின்று பேசுகிறார்களாம். திரும்பாவிட்டால் திமிர் என்கிறார்களாம். போன ஞாயிறு பார்த்தபோது என்னிடம் ஒன்றுதான் கேட்டார், நீ சாப்பிடுகிறாயா என்று.

ப்ரூவரிடம் என்ன சொல்வது என்று நான் சொல்லித்தர மாட்டேன். உன்னைக் கெஞ்சவும் மாட்டேன். கண்ணாடியில் இருந்தது என்ன என்று அவர் கேட்பார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதை விழுங்கினாயானால், அதற்கப்புறம் எனக்குக் கடிதம் போடாதே.

ஒலீட்டா


டல்சா
16 ஏப்ரல்

அக்கா,

காய்ச்சல் இல்லை. நானே எழுதுகிறேன், வலது கை நன்றாகத்தான் இருக்கிறது.

ப்ரூவர் நோட்டைத் திறந்து, போலீஸ் மாதிரி தெரிந்தீர்களா என்று கேட்டார். "அப்படித் தெரியணும்னுதான் அதைப் போட்டுக்கிட்டுத் திரியறேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், அதுவே பாய்ஸுக்குப் போதும். நிறுத்தவில்லை. பிப்ரவரியில் அத்தான் கையை உடைத்தவர்கள் மார்பில் இருந்ததும் என் கையில் இருந்ததும் ஒரே நட்சத்திரம், வித்தியாசம் கண்டுபிடிக்க என்னாலேயே முடியாது, அச்சுக் கொடுத்தது நான் என்றேன். லோனி, டக் பெயரையும் சொன்னேன். பேர் சொல்லிக் கூப்பிடாமல், முகத்தைக் காட்டாமல், துப்பாக்கி வைத்திருக்கிற செவிட்டு மனிதர் ஜன்னலில் அதை வைத்தது நான்தான் என்றும் சொன்னேன்.

"இதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா உன் லைசென்ஸ் போயிடும்ப்பா" என்றார் ப்ரூவர். கொடுங்கள் என்று வாங்கிப் போட்டேன்.

சாயங்காலம் பாய்ஸ் ஆள் அனுப்பி ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டார். பூங்கொத்தை மட்டும் விட்டுவிட்டார், அதை நர்ஸுக்குக் கொடுத்தேன். அப்பாவின் நட்சத்திரம் ப்ரூவர் ஆபீஸில் ஒரு காகித உறையில் இருக்கிறது. திருப்பிக் கேட்கப்போவதில்லை.

21ஆம் தேதி நான் எந்தப் பக்கமும் பேசவில்லை. நீ பேசு. என் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தால் சொல்.

கார்லண்ட்


ஹேண்ட்லி
26 ஏப்ரல்

அன்புத் தம்பிக்கு,

தையல் பிரித்தார்களா? கண்ணாடி ஏதாவது உள்ளே தங்கியிருந்தால் வெயிலில் குத்தும், கவனி. எம்மெட் திங்கட்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டார். உன் வாக்குமூலத்தைப் படித்த வக்கீல் கேஸ் நிற்காது என்று சொல்லிவிட்டாராம். லோனியையும் டக்கையும் ப்ரூவர் கூப்பிட்டு விசாரிக்கிறார்.

மறுநாள் கமிட்டிக்குப் போனேன். பின்வரிசை முழுக்கக் கறுப்பு ஜாக்கெட். எல்லோர் மார்பும் மின்னியது. தண்ணீர் வாங்கிக் குடித்தேன். நடந்ததைச் சொன்னேன். ஒரு உறுப்பினர், வெள்ளைத் தலை, மரியாதையான ஆள்தான், கேட்டார்: பேட்ஜ் இல்லாவிட்டால் வந்தவன் யார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பேரைச் சொல்லட்டும், எந்த ஆபீஸ் என்று சொல்லட்டும், காகிதத்தைக் கொடுத்துவிட்டு நான் படிக்கிற வரைக்கும் வாசலில் நிற்கட்டும் என்றேன். அந்தக் காத்திருப்பில் உள்ளே இருப்பவன் எங்கள் ஆளைச் சுட்டுவிட்டால் என்ன செய்வது என்று பின்னாலிருந்து ஒருத்தன் முணுமுணுத்தான். அவன் பயம் பொய்யில்லை, டிரெய்லர் வீட்டு வாசலில் துப்பாக்கிக்கு நேரே நின்ற உன் மூஞ்சி எனக்கு ஞாபகம் வந்தது. அதற்கு என்னிடம் பதில் இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

பிறகு அந்த வெள்ளைத் தலை ஒரு காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "உங்க தம்பியும் இதே வேலைதானேம்மா? உங்க வீட்டுக்காரர் அவரைச் சுட்டப்போ அவரும் பேட்ஜ் போட்டிருந்தாரே?"

"ஆமா" என்றேன். "அதனாலதான் சுட்டாரு."

ஓட்டு அடுத்த மாதமாம். என்ன ஆகுமோ தெரியாது.

இங்கே புதுக் கண்ணாடி போட்டாயிற்று. முதல் இரண்டு நாள் எம்மெட் அந்தப் பக்கமே போகவில்லை. நேற்றுத் தானாக நாற்காலியை இழுத்து ஜன்னலோரம் போட்டார். துப்பாக்கியை ப்ரூவர் வைத்திருக்கிறார், இவர் கேட்கவும் இல்லை. ஒரு கார் போனாலும் உடம்பு விறைக்கிறது. இது சீக்கிரம் போகாது, உனக்கு இனிப்புத் தடவிச் சொல்ல மாட்டேன்.

உன்னை எப்போது கூப்பிடலாம் என்று சிலேட்டில் எழுதிக் கேட்டேன். சொன்னார்: "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நிக்கச் சொல்லு. மூஞ்சி தெரியற மாதிரி. இந்தத் தடவை கையைத் தூக்கறது அவன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிப்ரவரிக்கு அப்புறம் இப்போதுதான்.

இடது கை எவ்வளவு உயரம் வருகிறதோ அவ்வளவு தூக்கினால் போதும். மே மாதம் வா, சோள ரொட்டி சுட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா ஒலீட்டா